மட்டா, ஆல்பைனா?

டெர்மினலிலேயே, அதாவது கட்டளை தட்டும் வெறும் எழுத்துத் திரையிலேயே, மெயில் பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மட் (Mutt), ஆல்பைன் (Alpine) என்ற இந்த இரண்டு மெயில் நிரல்களுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள். இரண்டும் இலவசம், அதனால் விலைப் பேச்சு வேண்டாம்.

பழகுவது: ஆல்பைனில் எந்த விசை எதற்கு என்று திரையின் அடியிலேயே எழுதியிருக்கும். 'சி' தட்டினால் புதுக் கடிதம், கன்ட்ரோல்-எக்ஸ் தட்டினால் அனுப்பிவிடலாம். மட்டில் மேல்வரியில் சில விசைகள்தான் தெரியும். மற்றவை கைப்பழக்கத்தில்தான் வரும்.

அமைப்பது: ஆல்பைனுக்கு மெனு போதும். மட்டுக்கு அமைப்புக் கோப்பை நாமே எழுத வேண்டும். எனக்கு ஒரு முழு மாலை பிடித்தது.

எழுதுவது: ஆல்பைனில் எடிட்டர் உள்ளேயே உண்டு. மட், விம்மோ ஈமேக்ஸோ, நீங்கள் சொல்லும் தனி எடிட்டரைத் திறக்கும்.

எச்டிஎம்எல் கடிதம் (வலைப்பக்கம் போல வடிவமைத்து வருவது): ஆல்பைன் தானே எழுத்தாக்கிக் காட்டும். மட்டுக்கு லிங்க்ஸ் போன்ற எழுத்து உலாவியின் துணை வேண்டும்.

குவிந்த மெயில்: இங்கே மட்டுக்கு இணையில்லை. ஷிஃப்ட்டோடு 'டி' தட்டி, '~f' போட்டு அனுப்பியவர் பெயரைக் கொடுத்தால், அவருடைய அத்தனை கடிதங்களும் ஒரே நொடியில் நீக்கக் குறி பெறும். மூடுவதற்குள் மனம் மாறினால் மீட்டுக்கொள்ளலாம். அந்தச் சுகத்துக்காகவே நான் மட்டை விடவில்லை.

தினம் பத்துப் பதினைந்து மெயில் மட்டுமே வந்தால் ஆல்பைன் போதும். நூற்றுக்கணக்கில் வந்தால் அந்த ஒரு மாலையை மட்டுக்குக் கொடுங்கள்.