பன்னிரண்டு பைகளும் ஓர் ஆண்டும்

செடி வளர்க்கும் பையான குரோ பேக் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பார்சலைப் பிரித்த அன்றே மதிப்புரை எழுதிவிடுகிறார்கள். பச்சை நிறம் அழகு, தையல் உறுதி, ஐந்து நட்சத்திரம். அன்றைக்கு நான் எழுதியிருந்தால் நான்கு கொடுத்திருப்பேன்; ஐப்பசியில் எழுதியிருந்தால் ஒன்றுகூடக் கொடுத்திருக்க மாட்டேன். போன ஆடியில் வாங்கினேன், இந்த ஆடியில் எழுதுகிறேன்.

வாங்கிய தொகுப்பில் இருந்தவை: 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் கொண்ட பைகள் பன்னிரண்டு, ஐந்து கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டி மூன்று, பாதி வெயிலை மறைக்கும் 50 சதவீத நிழல்வலை ஒன்று, விதைப் பொட்டலம் ஆறு. மொத்தம் 2,850 ரூபாய். நங்கநல்லூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் மொட்டைமாடியில், கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாக வைத்தேன். தளம் ஒழுகும் என்று வீட்டுக்கார மாமி பயந்ததால் ஒவ்வொரு பைக்கும் அடியில் மூன்று செங்கல்.

நார்க்கட்டி உப்புவதைப் பார்க்கவே ஒரு கட்டி வாங்கலாம். அண்டாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காபி குடித்து வருவதற்குள், செங்கல் போல இருந்தது விளிம்பைத் தாண்டிப் பொங்கி நின்றது. முதலில் வடிந்த தண்ணீர் டிகாஷன் நிறத்தில் இருந்தது. அந்த உப்புத் தண்ணீரை இரண்டு மூன்று முறை அலசிக் கொட்ட வேண்டும். கடைக்காரர் தந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பை முழுவதையும் நார்க்கழிவால் நிரப்பினால் போதும் என்று மட்டும் இருந்தது. அப்படியே நான்கு பைகளை நிரப்பினேன். ஆடிக் காற்று அவற்றில் இரண்டை, அதிலிருந்த கத்தரி நாற்றோடு சாய்த்துப் போட்டது. செம்மண், மண்புழு உரம், நார்க்கழிவு மூன்றையும் சம அளவு கலந்த பிறகுதான் பைகள் நிலைத்து நின்றன. அந்தக் கணக்குக்கு ஒன்றரைக் கட்டி போதும். மீதியை இன்னும் தாண்டித் தாண்டித்தான் மாடி ஏறுகிறோம்.

விதைகளைப் பற்றிச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். சென்னை மாடிக்கு, அதுவும் ஆடி மாதத்தில், காலிஃபிளவரும் கேரட்டும் கொடுத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. வெண்டை மட்டும் பத்துக்கு ஒன்பது முளைத்தது. அவரை விதை என் மாமியார் செய்யாறிலிருந்து கொண்டுவந்தது, தொகுப்பைச் சேர்ந்ததல்ல.

இனி ஓட்டை. பையின் அடிப்பாகத்தில் ஓட்டையே கிடையாது. அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே, பக்கவாட்டில், வளையம் அடித்த நான்கு ஓட்டைகள். அதாவது எப்போதும் அடியில் ஓர் அங்குலத்துக்கு நீர் தங்கும். வாங்கியபோது இது என் கண்ணில் படவில்லை. ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தபோது பட்டது. தக்காளி இலைகள் மஞ்சளாகத் தொங்கின. தண்ணீர் போதவில்லை என்று நினைக்கும் அளவுக்கு வாட்டம், மண்ணோ சேறு. ஒரு செடியைப் பிடுங்கினேன், இழுத்த வேகத்துக்கு முன்பே கையோடு வந்துவிட்டது. வேர் பழுப்பாகக் குழைந்து, விரலால் உருவினால் தோல் தனியாகக் கழன்றது. சாக்கடை நாற்றம். அன்று இரவே கேஸ் அடுப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அடிப்பாகத்தில் ஐந்தைந்து ஓட்டை போட்டேன். ஆறு பைகளுக்குத்தான் முடிந்தது. மற்ற ஆறும் நனைந்து ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்கு மேல் கனத்தன; தூக்கிச் சாய்க்க இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை. தூக்கப் போனதில் ஒரு பையின் கைப்பிடித் தையல் வேறு பிரிந்துவிட்டது. தையல் உறுதி என்று எழுதியவர்கள் மண் நிரப்பித் தூக்கிப் பார்க்கவில்லை.

அவரை ஐப்பசி முழுக்கக் கொடியும் இலையுமாக ஏறியதே தவிர ஒரு பூ இல்லை. வெட்டி எறியப் போனேன். “பனி விழட்டும், பொறு” என்றார் மாமியார். பகல் பொழுது குறுகினால்தான் நாட்டு அவரை பூக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. மார்கழியில் ஊதாப் பூங்கொத்துகள் நிமிர்ந்து நின்றன. கூடவே சாறு உறிஞ்சும் கறுப்பு அசுவினிப் பூச்சியும் எறும்பும். லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலையில் தெளித்தேன். பொங்கலன்று கூட்டுக்கு அவரை கடையில் வாங்கவில்லை. இந்த ஒரு மாதத்துக்காகவே மாடித்தோட்டம் போடலாம். கொத்தமல்லிகூடச் சொன்னபடி கேட்கும். கார்த்திகையில் கவாத்து செய்த மல்லிகை பங்குனியில் அரும்பு கட்டியது.

சித்திரையில் கதை தலைகீழானது. அக்னி நட்சத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கும்பகோணம் போனோம். காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்பி மறுநாள் மாலை திரும்பினோம். நான் ஓட்டை போட்டு ‘திருத்திய’ ஆறு பைகளிலும் செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. என் இடுப்பு காப்பாற்றிய ஆறில் வெண்டை நிமிர்ந்து நின்றது. ஐப்பசியில் வேரை அழுகவைத்த அதே ஓர் அங்குல நீர்தான். பையைத் தயாரித்தவர் வெயிலை நினைத்துத்தான் ஓட்டையை மேலே வைத்திருக்கிறார். சென்னையில் விற்கும்போது மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நிழல்வலை நல்ல வலை. மேலே கட்டிய பிறகு கீரை கருகவில்லை. ஆனால் ஓரத்தில் கயிறு கோக்க வளையம் கிடையாது. அப்படியே கட்டினால் இழை பிரியும். ஓரத்தை இரண்டாக மடித்துச் சணல் கயிற்றால் தைத்துக்கொண்டேன். ஐப்பசி பிறக்குமுன் அவிழ்த்துவிட வேண்டும், இல்லையென்றால் புயல் காற்றில் பாய்மரம்தான். மேற்கு வெயில் படும் பைகளின் பக்கத்தைத் தொட்டால் கை சுடும். பழைய சாக்கைச் சுற்றினேன். பைகள் நிறம் வெளுத்திருக்கின்றன, எதுவும் கிழியவில்லை.

இப்போது ஓட்டை போட்ட ஆறும் பழைய எவர்சில்வர் தட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. தட்டில் நீர் தேங்கினால் கொசு முட்டையிடும்; மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர் மாடிவரை ஏறி வந்து பார்ப்பவர். அதனால் தட்டு நிறைய மணல். மழை தொடங்கியதும் தட்டுகளை உருவிவிடுவேன். மற்ற ஆறில் இந்த முறை தக்காளி வைக்கவில்லை.

பைகளுக்கு நான்கு நட்சத்திரம், கைப்பிடிக்கு அரை குறைத்து மூன்றரை. தொகுப்பாக வாங்காதீர்கள்: பைகளையும் வலையையும் தனியாகக் கேளுங்கள், கொடுப்பார்கள். விதையை ஊரிலிருந்து வருகிறவர்களிடம் கேளுங்கள். நார்க்கட்டி வேண்டுமென்றால் எங்கள் மாடிப்படியில் ஒன்றரை இருக்கிறது.