உள்காற்றா, வெளிக்காற்றா? காரில் எதை எப்போது வைப்பது

கார் படத்துக்குள் ஒரு அம்புக்குறி வளைந்து திரும்பும் பொத்தான் ஏசி பக்கத்தில் இருக்குமே, அதுதான் ரீசர்குலேஷன், அதாவது வெளிக்காற்றை விடாமல் காருக்குள் இருக்கும் காற்றையே சுற்றவிடும் உள்காற்று. பலர் அதை ஒருமுறை அழுத்தியதோடு சரி, மாதக்கணக்கில் அதன் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒரு நீண்ட பயணத்தில் நான்கு பேர் இருந்தோம். ஒரு மணி நேரத்தில் மற்ற மூவரும் தூங்கிவிட்டார்கள், எனக்கோ கொட்டாவி மேல் கொட்டாவி. களைப்பு என்று நினைத்தேன். வெளிக்காற்றுக்கு மாற்றிய கொஞ்ச நேரத்தில் தலை தெளிந்தது.

காரணம் எளிது. வெளியே பத்து லட்சம் பங்கு காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 பங்கு. நாம் விடும் மூச்சில் அது 40,000 பங்கு, அதாவது 4 சதவீதம். அதே காற்றைச் சுற்றவிட்டால் நான்கு பேர் இருக்கும் காரில் அரை மணிக்குள் சில ஆயிரம் பங்கு ஏறிவிடும். தூக்கமும் தலைவலியும் வருவதில் வியப்பில்லை. ஓட்டுபவருக்கு அது ஆபத்து.

அதற்காக உள்காற்றை ஒதுக்கிவிடவும் முடியாது. ஏற்கெனவே குளிர்ந்த காற்றையே மறுபடி குளிர்விப்பதால் ஏசிக்கு வேலை குறைவு. லாரிக்குப் பின்னால் புகையில் மாட்டும்போதும், சுரங்கப்பாதையிலும், புழுதி பறக்கும் சாலையிலும் அதுதான் சரி. ஆனால் வெயிலில் நின்ற காரில் ஏறியதுமே அதை அழுத்தாதீர்கள். அப்போது உள்ளே வெளியைவிடச் சூடு அதிகம். முதலில் ஜன்னலைத் திறந்து வெளிக்காற்றோடு இரண்டு நிமிடம் ஓட்டுங்கள், அப்புறம் மாற்றலாம்.

மழையில் வெளிக்காற்றுதான், அதோடு ஏசியும். நம் மூச்சின் ஈரம் வெளியேறினால்தான் கண்ணாடியில் படியும் பனி கலையும்.

ஜன்னல் திறப்பது மூன்றாவது வழி. காற்றை அதைவிட வேகமாக மாற்ற வேறெதுவும் இல்லை. ஆனால் நெரிசலில் புகை ஃபில்டர் இல்லாமல் நேராக முகத்துக்கு வரும், வேகச் சாலையில் இரைச்சலும் எரிபொருள் செலவும் கூடும்.

என் முடிவு: எப்போதும் வெளிக்காற்று, புகையோ கடும் வெயிலோ வந்தால் மட்டும் பத்து நிமிடம் உள்காற்று. இதற்குக் காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் சுத்தமாக இருக்க வேண்டும். அடைத்துப்போன ஃபில்டரோடு வெளிக்காற்றை வைத்தால் காற்றே சரியாக வராது. ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றிவிடுங்கள். கார்பன் ஃபில்டர் நாற்றத்தையும் கொஞ்சம் பிடிக்கும்.

எந்த ஃபில்டரும் பிடிக்காத ஒன்று, எஞ்சின் புகையில் வரும் விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நிறுத்திய காரில் எஞ்சினை ஓடவிட்டு, ஜன்னலை மூடிக்கொண்டு தூங்கவே தூங்காதீர்கள். உள்காற்றோ வெளிக்காற்றோ, அங்கே இரண்டும் காப்பாற்றாது.