டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010: பள்ளிக்குக் கொடுக்கத் தகுந்த பழைய கணினி

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அதற்கு முன்பிருந்தே தென் ஆப்பிரிக்காவின் டர்பன் நகர அலுவலகங்கள் பல, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகளைக் கழிக்கத் தொடங்கிவிட்டன. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் எட்டாம் தலைமுறை இன்டெல் செயலியும் அவற்றில் இல்லை என்பதைத் தவிர, பெரும்பாலானவற்றில் வேறு குறை ஏதும் இல்லை. இப்படிக் கழிக்கப்படும் கணினிகளையும் மானிட்டர்களையும் வாங்கிச் சீர்செய்து சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொடுப்பதை நானும் நண்பர்கள் சிலரும் வார இறுதி வேலையாக வைத்திருக்கிறோம். பல நிறுவனங்களின் இயந்திரங்கள் எங்கள் மேசைக்கு வருகின்றன. அவற்றுள் பள்ளிக்கென்றே செய்தது போல அமைந்த ஒன்றைப் பற்றி, இதே வேலையில் இறங்க எண்ணுபவர்களுக்குப் பயன்படும்படி விரிவாக எழுதுகிறேன்.

அது டெல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ஆப்டிபிளெக்ஸ் 7010. பெயரைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை தேவை. 2023-இல் டெல் இதே எண்ணை முற்றிலும் வேறான புதிய கணினி வரிசைக்கும் சூட்டிவிட்டது. இணையத்தில் 7010-க்கான உதிரிப் பாகமோ கையேடோ தேடுபவர்கள், தங்கள் கையில் இருப்பது மூன்றாம் தலைமுறை இன்டெல் செயலியும் டிடிஆர்3 நினைவகமும் கொண்ட பழைய 7010 என்பதை உறுதி செய்துகொண்டு தேட வேண்டும். இது பல உருவளவுகளில் வந்தது. பள்ளிக்கு நான் பரிந்துரைப்பது படுக்கவைத்தும் நிறுத்தியும் பயன்படுத்தக்கூடிய சிறிய பெட்டி. மேசையில் அது அடைக்கும் இடம் குறைவு, அதே சமயம் கை நுழைந்து வேலை செய்ய உள்ளே போதிய இடமும் இருக்கிறது. ஆகச் சிறியதான இன்னொரு வடிவத்தில் நினைவகத்திற்கு இரண்டு இடங்களே உண்டு, வேலையும் நெருக்கடியானது.

இந்தக் கணினியின் பெருமையை மூடியைத் திறந்தவுடனேயே காணலாம். தாழ்ப்பாளை ஒரு பக்கம் தள்ளினால் மூடி கையோடு வந்துவிடும். கழற்றக்கூடிய இடங்களில் எல்லாம் நீலநிறப் பிளாஸ்டிக் பிடிகள் இருப்பதால், எதை அழுத்த வேண்டும், எதை இழுக்க வேண்டும் என்று யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. டிவிடி டிரைவைத் தூக்கி எடுத்தால் அதன் அடியில் ஹார்ட் டிஸ்க் ஒரு நீலத் தட்டில் அமர்ந்திருக்கும். தட்டைச் சற்றே வளைத்தால் டிஸ்க் வெளியே வந்துவிடும். செயலியின் மேலுள்ள வெப்பத் தகட்டைக் கழற்றத் திருப்புளி வேண்டும். அதன் திருகாணிகளும் தகட்டோடு பிணைந்திருப்பதால் கீழே விழுந்து தொலைவதில்லை. தகட்டை எடுத்துப் பார்த்தால், பத்தாண்டுக்கு மேல் ஓடிய கணினியில் வெப்பப் பசை வெற்றிலைப் பெட்டியில் காய்ந்த சுண்ணாம்பைப் போல உதிரும். அதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்துவிட்டுப் புதிய பசையைப் பட்டாணி அளவு வைத்தாலே விசிறியின் இரைச்சல் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

டர்பனில் கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. கடற்காற்றின் ஈரத்தால் நினைவகப் பலகைகளின் பொன்னிறத் தொடுமுனைகள் மங்கிவிடும். கணினி உயிர்பெறாமல், பவர் பொத்தான் ஆரஞ்சு நிறத்தில் விட்டுவிட்டு எரிந்தால், முதலில் நினைவகத்தைக் கழற்றிப் பென்சில் அழிப்பானால் அந்த முனைகளைத் தேய்த்து மீண்டும் செருகிப் பார்க்க வேண்டும். அதிலேயே சரியாகிவிடுபவை மிகப் பல. பெட்டியின் பின்புறத் துளைகள் வழியாகப் பல்லி புகுந்து விசிறிக் கூண்டுக்குள் முட்டையிட்டிருப்பதும் இங்கே சாதாரணம். ஆகவே தூசியை ஊதித் தள்ளுவதற்கு முன் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பவர் சப்ளையைப் பற்றிச் சற்று அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்கொடைக் கணினிகளின் ஆயுள் பெரும்பாலும் அதில்தான் அடங்கியிருக்கிறது. 7010-இன் சிறிய பெட்டியில் உள்ள 240 வாட் பவர் சப்ளையின் பின்புறத்தில் ஒரு சோதனைப் பொத்தானும் சிறு விளக்கும் உள்ளன. மின்கம்பியைச் செருகிப் பொத்தானை அழுத்தும்போது விளக்கு பச்சையாக எரிந்தால் பவர் சப்ளை பிழைத்திருக்கிறது என்று பொருள். எரியாவிட்டால் கோளாறு அங்கேதான். கணினி அறிவு ஏதுமில்லாத ஓர் ஆசிரியர்கூட இந்தச் சோதனையை நொடியில் செய்துவிடலாம், எங்களைத் தொலைபேசியில் அழைக்கும்போது பாதி நோயறிதல் அதற்குள் முடிந்திருக்கும். இன்னொரு நன்மை, இதன் மதர்போர்டு (முதன்மைச் சுற்றுப்பலகை) வழக்கமான 24 முனை இணைப்பையே பயன்படுத்துகிறது. அடுத்து வந்த 3020, 7020, 9020 கணினிகளில் டெல் தனக்கே உரிய 8 முனை இணைப்புக்கு மாறிவிட்டதால், அவற்றில் பவர் சப்ளை போனால் மாற்றுக்கு அலைய வேண்டியிருக்கிறது. 7010-இலும் பவர் சப்ளையின் வடிவம் தனித்துவமானதுதான், வெளியில் கிடைக்கும் சாதாரண அளவு உள்ளே பொருந்தாது. இது உண்மையான குறை. பத்து கணினிகள் கொடுத்தால் கூடவே ஓர் உடைந்த 7010-ஐ உதிரிப் பாகத்திற்கென்று பள்ளியின் அலமாரியில் வைத்துவிட்டு வருவது எங்கள் வழக்கமாகிவிட்டதற்கு அதுவே காரணம்.

அலுவலகத்திலிருந்து வரும் கணினிகளில், இயங்கத் தொடங்கியதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸ் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருப்பதும், அதை வைத்தவர் வேலையை விட்டுப் போய்ப் பல காலம் ஆகியிருப்பதும் அடிக்கடி நடக்கும். 7010-இன் மதர்போர்டில் கடவுச்சொல்லுக்கென்று தனியே ஒரு ஜம்பர் (இரு முனைகளை இணைக்கும் சிறு செருகி) உண்டு. அதைக் கழற்றிவிட்டுக் கணினியை ஒருமுறை இயக்கினால் கடவுச்சொல் நீங்கிவிடும். மூடியைத் திறந்த பிறகு இயக்கும்போது, மூடி முன்னர் அகற்றப்பட்டதாக ஓர் எச்சரிக்கை திரையில் தோன்றுவதும் உண்டு. கணினி கெட்டுவிட்டதோ என்று ஆசிரியர்கள் அஞ்சுவது இதைப் பார்த்துத்தான். பள்ளிக்கு அனுப்பும் முன் எஃப்2 விசையை அழுத்திப் பயாஸுக்குள் சென்று இந்த எச்சரிக்கையை அணைத்துவிட வேண்டும்.

அங்கேயே மாற்ற வேண்டிய இன்னோர் அமைப்பு, மின்சாரம் திரும்பும்போது கணினி என்ன செய்ய வேண்டும் என்பது. லோட் ஷெடிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டு 2023-இல் உச்சத்தைத் தொட்டு 2024 மார்ச் இறுதிக்குப் பின் பெருமளவு தணிந்திருந்தாலும், கம்பித் திருட்டாலும் பழுதாலும் மின்சாரம் போவது நின்றுவிடவில்லை. திரும்பும் மின்சாரம் முதல் சில நொடிகள் ஏறி இறங்கும். அந்த நேரத்தில் ஆய்வகத்தின் கணினிகள் அத்தனையும் தாமாக விழித்தெழாமல் அணைந்தே இருக்கும்படி அமைத்துவிட்டால் பவர் சப்ளைகள் தப்பும். மின்செலவும் அதிகமில்லை. எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத சேமிப்பகம்) பொருத்திய ஒரு 7010 சும்மா இருக்கும்போது 30 வாட்டை ஒட்டியே இழுக்கிறது. எல்இடி மானிட்டரையும் சேர்த்து 50 வாட் என்று வைத்தால், இருபது கணினிகளுக்கு ஏறக்குறைய 1 கிலோவாட் ஆகும், 230 வோல்டில் ஐந்து ஆம்பியருக்கும் குறைவு. பழைய பள்ளிக் கட்டடத்தின் மின்னிணைப்பும் இதைத் தாங்கும்.

வேகத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில், ஐ5-3470 போன்ற நான்கு கரு (கோர்) செயலி உள்ளதைத் தேர்ந்தெடுத்து, 8 ஜிபி நினைவகமும் ஒரு சிறிய எஸ்எஸ்டியும் வைத்தால் பிள்ளைகள் காத்திருக்க நேராது என்பதே. நினைவகத்திற்கு நான்கு இடங்கள் இருப்பதால், கழிவுக் கணினிகளிலிருந்து சேரும் 2 ஜிபி பலகைகளை நான்காக வைத்தே இந்த அளவை எட்டிவிடலாம், காசு கொடுத்து வாங்க வேண்டியது எஸ்எஸ்டி மட்டுமே. அதை மட்டும் தவிர்க்கக் கூடாது. மின்சாரம் திடீரென்று போகும் ஊரில் சுழலும் டிஸ்க் உள்ள கணினியைச் சிறுவர்கள் கையில் கொடுப்பது, விரைவில் பழுதாகப்போகும் பொருளைத் தெரிந்தே கொடுப்பதாகும்.

இயங்குதளமாக லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவுகிறோம். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் 24.04 பதிப்பை அடித்தளமாகக் கொண்ட இதற்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. உபுண்டுவே இந்த மண்ணுக்கு அந்நியமானதன்று. இந்நாட்டின் வெல்கம் நகரில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் 2004-இல் தொடங்கிய திட்டம் அது. அவருடைய அறக்கட்டளை அந்தக் காலத்திலேயே மேற்குக் கேப் பள்ளிகளில், ஒரு சர்வரோடு பழைய கணினிகளை இணைத்து டக்ஸ்லேப் என்ற ஆய்வகங்களை அமைத்தது. இன்று ஒவ்வொரு 7010-உம் தன்னந்தனியாகவே எல்லாவற்றையும் செய்யும் வலிமை உடையது என்பதால், ஒரு சர்வர் விழுந்தால் வகுப்பே நின்றுபோகும் நிலை இல்லை. இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆஃபிஸின் முகப்பை ஜூலு, ஆஃப்ரிகான்ஸ் மொழிகளுக்கு மாற்ற முடிகிறது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கும் இடமென்றால் தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துவிடுகிறோம். இணைய டேட்டாவின் விலை பள்ளிகளுக்குச் சுமை என்பதால், விக்கிப்பீடியாவை இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸ், சிறுவர்களுக்கான கல்வி விளையாட்டுத் தொகுப்பான ஜிகாம்ப்ரி, சியாவுலா நிறுவனம் இலவசமாகத் தரும் கணித, அறிவியல் பாடநூல்கள் ஆகியவற்றைக் கணினியிலேயே ஏற்றிக் கொடுக்கிறோம்.

குறைகள் இன்னும் உள்ளன. எச்டிஎம்ஐ துளை கிடையாது. ஒரு விஜிஏவும் இரண்டு டிஸ்ப்ளேபோர்ட்டும் மட்டுமே இருப்பதால், புதிய மானிட்டரோ புரொஜெக்டரோ வைத்திருக்கும் பள்ளிக்கு இணைப்பு மாற்றி (அடாப்டர்) ஒன்றை வாங்கித் தர வேண்டும். வைஃபை இல்லை. உயர்நிலைப் பள்ளிகளைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. பத்தாம் வகுப்பிலிருந்து கற்பிக்கப்படும் கணினிப் பயன்பாட்டுப் பாடம் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸை ஒட்டியே நடத்தப்படுகிறது. விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் இதில் ஏற்றிவிட முடியும் என்றாலும், அப்படிச் செய்த கணினியைப் பள்ளிக்குக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். என்றாவது ஒரு புதுப்பிப்பு நின்றுபோனால் அதைச் சரிசெய்ய அங்கே ஆளிருக்காது. அந்தப் பாடம் நடத்தும் பள்ளிக்கு எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய கணினியே வேண்டும்.

பழைய டிஸ்க்குகளை என்ன செய்வது என்பதில் சலுகைக்கே இடமில்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. கணினியைக் கொடுக்கும் நிறுவனம் எங்களை நம்பி ஊழியர், வாடிக்கையாளர் விவரங்களோடு கொடுக்கிறது. என்வைப் மென்பொருளைக் கொண்டு 500 ஜிபி டிஸ்க் முழுவதும் ஒருமுறை பூஜ்யம் எழுத ஒன்றரை மணி நேரத்திற்குக் குறையாது, ஆனால் ஒரே சமயத்தில் பலவற்றை இணைத்து வைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கலாம். முடிந்ததும் டிஸ்க்கின் வரிசை எண்ணோடு ஒரு கடிதம் எழுதி நன்கொடையாளருக்குக் கொடுத்துவிடுகிறோம். அந்தக் கடிதத்தைப் பார்த்தபின் அடுத்த முறை அவர்களே கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள்.

கணினியோடு வரும் மானிட்டர்களில் 19 அங்குலச் சதுரத் திரைகளே அதிகம். எழுத்து வேலைக்கு அவை நன்றாகவே உதவும். பின்விளக்கு எல்இடியாக இருந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முந்தைய குழல்விளக்குத் திரைகளில் பாதரசம் உண்டு, மின்செலவும் ஏறக்குறைய இரட்டிப்பு. படம் தோன்றி இரண்டு நொடியில் இருண்டால் பல சமயம் பவர் பலகையில் கெபாசிட்டர்களின் (மின்தேக்கிகளின்) தலை உப்பியிருக்கும். சாலிடரிங் தெரிந்தவர் மாற்றிவிடலாம், தெரியாதவர் அந்தப் பலகையின் உயர் மின்னழுத்தப் பகுதியைத் தொடாமல் இருப்பதே நல்லது. பழைய பருத்த குழாய்த் திரை (சிஆர்டி) மானிட்டர்களை இலவசமாகக் கொடுத்தாலும் நாங்கள் வாங்குவதில்லை. இந்நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து மின்னணுக் கழிவைக் குப்பைமேட்டில் கொட்டத் தடை இருப்பதால், சீராகாத திரை எதுவாயினும் அது மறுசுழற்சி நிலையத்திற்குத்தான் போக வேண்டும், அந்தச் செலவைப் பள்ளியின் தலையில் ஏற்றக் கூடாது.

இதே விலைக்குக் கிடைக்கும் மற்றவற்றுள், எச்பி காம்பாக் 8300-உம் லெனோவோ திங்க்சென்டர் எம்92பி-உம் இதே தலைமுறையைச் சேர்ந்தவை, குறை சொல்ல முடியாதவை. ஆனாலும் ஓர் ஆய்வகத்தில் மூன்று வகைகளைக் கலப்பதைவிட எல்லாம் 7010-ஆகவே இருப்பது பராமரிப்புக்கு மிக எளிது. ஓர் ஆண்டு முந்தைய ஆப்டிபிளெக்ஸ் 790-இல் யுஎஸ்பி 3 கிடையாது, அதை உதிரிப் பாகத்திற்கு மட்டும் வாங்குங்கள். கணினிகளைக் கொண்டுபோய் இறக்கும் நாளில் மறவாமல் ஒரு நீண்ட எஃகுக் கம்பியும் வாங்கிச் செல்லுங்கள். பள்ளிகளில் கணினித் திருட்டு அதிகம் நடக்கும் இந்நாட்டில், 7010-இன் பின்புறத்தில் பூட்டு மாட்டுவதற்கென்று உள்ள வளையத்தின் வழியே கம்பியைக் கோத்து மேசையோடு பூட்டிவிட்டு வர வேண்டும்.