ஏற்றிய பணம் கார்டுக்கு வரவில்லை: பயணக் கார்டும் வெளியூர்க்காரரும்

குடியிருப்பது காரைக்குடியில். மகள் வேலை பார்ப்பது ஒரு பெருநகரத்தில். அங்கே போய்வரும்போது மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே பயணக் கார்டைத்தான் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். வைத்ததும் கேட் திறக்கிறது, சில்லறைத் தொல்லை இல்லை. அந்த மட்டில் நல்ல ஏற்பாடு. ஆனால் இதை உருவாக்கியவர்கள் அதே நகரத்தில் தினமும் போய்வருகிற ஆளை மட்டுமே மனதில் வைத்திருக்கிறார்கள்.

பெரிய சிக்கல் ரீசார்ஜ். கிளம்பும் முன் செல்போனில் பணம் ஏற்றுகிறேன். வங்கியில் கழிந்துவிடும், குறுஞ்செய்தியும் வந்துவிடும். அங்கே இறங்கி பஸ்ஸில் கார்டை நீட்டினால், பேலன்ஸ் போதாது என்கிறது மெஷின்.

காரணம் இதுதான். என் கார்டு என்சிஎம்சி வகை, அதாவது நாடு முழுக்க மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் பொதுவான பயணக் கார்டு. இதில் பயணத்துக்கான தொகை சிப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். சுரங்க நிலையத்தில் சிக்னல் இல்லாவிட்டாலும், வங்கியைக் கேட்காமலே கேட் கண நேரத்தில் திறக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. நியாயமான காரணம்தான். ஆனால் செல்போனில் கட்டிய பணம் வங்கிக் கம்ப்யூட்டரில் காத்திருக்கும். பொதுவாக அதற்கென உள்ள மெஷினில் கார்டை வைத்தால்தான் சிப்பில் ஏறும். நான் பார்த்தவரை அந்த மெஷின் மெட்ரோ நிலையத்தில் இருக்கிறது. ரயிலை விட்டு இறங்கியதும் நான் ஏறுவதோ பஸ். இந்த விவரத்தை ரீசார்ஜ் திரையில் ஒரு வரி போட்டிருக்கலாம். பச்சை டிக் காட்டி முடித்துவிடுகிறார்கள். பணம் போய்விட்டது என்று வயதானவர்கள் பதறுகிறார்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

லண்டனில் 2003இல் வந்த ஆய்ஸ்டர் என்ற பயணக் கார்டும் பேலன்ஸைக் கார்டிலேயே வைத்துக்கொண்ட வகைதான். அப்புறம் 2012இல் பஸ்ஸிலும் 2014இல் சுரங்க ரயிலிலும் சாதாரண வங்கிக் கார்டையே ஏற்றுக்கொண்டார்கள். யாருடைய கார்டு என்பதை மட்டும் கேட் குறித்துக்கொள்ளும். கட்டணத்தைப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு எடுத்துக்கொள்ளும். முன்கூட்டிப் பணம் ஏற்றும் வேலையே அதில் இல்லை.

இன்னொன்று, சிப்பில் அதிகபட்சம் 2,000 ரூபாய் வைக்கலாம், கேட்டில் ரகசிய எண் (PIN) கேட்காது. கார்டு தொலைந்தால் சிப்பில் இருந்த தொகை பொதுவாகத் திரும்பக் கிடைக்காது. அதனால் நான் குறைவாகவே ஏற்றுவேன். குறைவாக ஏற்றினால் அடிக்கடி அந்த மெஷினைத் தேட வேண்டும்.

பெரியம்மாவைக் கூட்டிப்போனபோது வேறு ஒரு குறை தெரிந்தது. "இதுல எவ்வளவுப்பா இருக்கு?" என்று கேட்டார். கார்டைப் பார்த்து எப்படிச் சொல்வது? கேட்டின் சின்னத் திரையில் தொகை மின்னி மறைகிறது, எழுபதைத் தாண்டிய கண்ணுக்கு அது எட்டாது. குடும்பமாகப் போனால் இன்னும் சிரமம். உள்ளே போன கார்டு வெளியே வந்தால்தான் கணக்கு முடியும் என்பதால் ஒரு கார்டில் நாலு பேர் போக முடியாது. ஊரில் பஸ் ஏறி "பிள்ளையார்பட்டி நாலு" என்றால் கண்டக்டர் கிழித்துக் கொடுத்துவிடுவார். விசேஷத்துக்குக் கூட்டமாகவே கிளம்பிப் பழகியவர்கள் நாங்கள். தலைக்கொரு கார்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் பணத்தை முடக்கி வைக்க யாரால் முடியும்?

2019 மார்ச்சில் இந்த என்சிஎம்சி திட்டத்தைத் தொடங்கியபோது ஒரே நாடு, ஒரே அட்டை என்றார்கள். அந்தச் சொல்லுக்கு ஏற்றபடி, பணத்தைச் சிப்பில் எழுதும் மெஷினை மெட்ரோ இல்லாத ஊர்களின் ரயில் நிலையத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் வைக்க வேண்டும். காரைக்குடியில் ஒன்று, தேவகோட்டையில் ஒன்று இருந்தாலே சுற்றுவட்டாரத்துக்குப் போதும். இப்போதைக்கு நான் தனியாகப் போனால் கார்டு. பெரியம்மாவோடு போனால் எல்லாருக்கும் சேர்த்துச் செல்போனில் கியூஆர் டிக்கெட் எடுத்துவிடுகிறேன்.