சோபாவுக்குப் ‘பூனைக் காப்பு’ என்று விற்கிற பூச்சுக்குப் பணம் கொடுக்காதீர்கள்

புதிதாகத் துணி சோபா வாங்கப் போகிறீர்களா? வீட்டில் பூனையும் இருக்கிறதா? அப்படியானால் கடைக்குக் கிளம்புவதற்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள். சோபா விலைக்கு மேல் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு, ‘பெட் ப்ரொடெக்‌ஷன்’ என்ற பெயரில் ஒரு பூச்சை அடித்துத் தருகிறார்கள். அந்தப் பூச்சு பூனையின் நகத்தைத் தடுக்காது. தடுப்பதற்காகச் செய்யப்பட்ட பொருளே இல்லை அது. அதைத் தெரிந்தே விற்கிறார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். மூத்தவள் மீனு. இளையவன் கருப்பன், போன மழைக்காலத்தில் தெருவிலிருந்து தூக்கி வந்த குட்டி. ஆற்காடு சாலையில் உள்ள ஒரு பெரிய மரச்சாமான் கடைக்குப் போனபோது, எங்கள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையே இதுதான்: வீட்டில் இரண்டு பூனைகள் இருக்கின்றன, அதற்குத் தாங்குகிற துணியாகக் காட்டுங்கள். விற்பனையாளர் சணல் சாயலில், கொஞ்சம் சொரசொரப்பாக இருந்த ஒரு மூன்று இருக்கை சோபாவைக் காட்டினார். விலை 58,000 ரூபாய். நகம் பட்டால் நூல் எழும்பாதா என்று என் கணவர் கேட்டார். “பூச்சு அடித்துவிட்டால் பூனை என்ன சார், புலியே வந்தாலும் ஒன்றும் ஆகாது. ஐந்து வருட வாரண்டி” என்றார் அவர். பூச்சுக்குத் தனியாக 7,500 ரூபாய்.

அடுத்து அவர் செய்து காட்டியதை எல்லாக் கடைகளிலும் செய்து காட்டுகிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பூச்சு அடித்த ஒரு துணித் துண்டை எடுத்தார். அரை தம்ளர் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். தாமரை இலைத் தண்ணீர் போல அது உருண்டு ஓடியது. பிறகு காபியை ஊற்றினார். அதுவும் ஒட்டவில்லை. காகிதத்தால் ஒற்றி எடுத்ததும் துணி பழையபடி இருந்தது. பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வரத்தான் செய்யும். ஆனால் அந்தச் செயல்விளக்கம் முழுவதிலும் நகம் என்ற ஒன்று வரவே இல்லை. ஒரு ஊசியையோ முள்ளையோ வைத்து அந்தத் துணியை யாரும் இழுத்துக் காட்டவில்லை.

சோபா வந்த மறுநாள் பூச்சு அடிக்க ஒருவர் வந்தார். தோட்டத்துச் செடிக்கு மருந்து அடிக்கிற கைப்பம்பும், பெயரோ சீட்டோ ஒட்டாத ஒரு வெள்ளைக் கேனும் கொண்டுவந்தார். என்ன ரசாயனம் என்று கேட்டால் “கம்பெனி மருந்து அக்கா” என்பதைத் தாண்டிப் பதில் இல்லை. தின்னர் நெடி வீடு முழுவதும் பரவியது. பூனைகளைப் படுக்கையறையில் போட்டுப் பூட்டினோம். வேலை முடிந்ததும் ஒரு வாரண்டி அட்டையைக் கொடுத்தார். பணத்துக்கு ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டு. அதில் ஜிஎஸ்டி எண் இல்லை, கடையின் பெயர்கூட இல்லை. முறையான பில் கேட்டோம். வாட்ஸ்அப்பில் வரும் என்றார். வரவில்லை.

அந்த வாரமே கருப்பன் வலது கைப்பிடியின் முன்முனையைப் பிடித்துவிட்டான். முதலில் நான்கைந்து இடங்களில் நூல் சின்னச் சின்ன வளையங்களாக எழும்பி நின்றது. சணல் சாயல் துணியில் நூல்கள் தடிமனாகவும் இடைவெளி விட்டும் நெய்யப்பட்டிருக்கும். ஒரு நூலை நகம் இழுத்தால் அது அந்த இடத்தோடு நிற்காது. கைப்பிடியின் குறுக்கே ஒரு சாண் நீளத்துக்குத் துணி சுருங்கிக் கோடு விழும். இரண்டு வாரத்தில் அந்த முனை முழுவதும் சிலும்பிவிட்டது. சோபாவின் அடிப்பக்கத்தில் ஒரு மெல்லிய கறுப்புத் துணியைப் பின் அடித்து மூடியிருப்பார்கள் அல்லவா, அதையும் கிழித்து உள்ளே தொட்டில் கட்டிப் படுத்துக்கொண்டான். அந்தக் கறுப்புத் துணியைப் பற்றிக் கடையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பூனை வளர்ப்பவர் வீட்டில் முதலில் கிழிவது பெரும்பாலும் அதுதான்.

கடைக்குப் போன் செய்தோம். படம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினோம். வந்த பதில்: வாரண்டி அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்த நிபந்தனைகளில் ஒன்று, கிழிசல், வெட்டு, தீக்காயம், செல்லப் பிராணிகளின் நகம், பல் ஆகியவற்றால் வரும் சேதத்துக்கு வாரண்டி பொருந்தாது என்றது. அட்டையின் முன்பக்கத்தில் ஒரு பூனைப் படம். பின்பக்கத்தில் பூனை நகத்துக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனை. அந்த அட்டை எங்கள் கைக்கு வந்ததே பணம் கொடுத்து, பூச்சு அடித்து முடித்த பிறகுதான். நிபந்தனையை மறைத்து வைத்து விற்பது ஏமாற்று. அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

இதோடு நின்றிருந்தால் பணத்தோடு போயிருக்கும். எங்களைச் சமாதானப்படுத்துவதற்காக அதே கடைக்காரர்கள் 650 ரூபாய்க்கு ஒரு ‘பூனை விரட்டி’ ஸ்ப்ரே கொடுத்தார்கள். கைப்பிடியில் அடித்தால் பூனை கிட்டவே வராது, முழுக்க மூலிகை, குழந்தை இருக்கும் வீட்டிலும் அடிக்கலாம் என்றார்கள். அடித்த அன்று மாலை மீனுவின் வாயிலிருந்து எச்சில் ஒழுகத் தொடங்கியது. நடக்கும்போது பின்னங்கால்கள் தள்ளாடின. கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கையோடு அந்த பாட்டிலையும் எடுத்துப் போனது நல்லதாயிற்று. அதில் யூகலிப்டஸ் எண்ணெயும் டீ ட்ரீ எண்ணெயும் இருப்பதை மருத்துவர் பார்த்துச் சொன்னார். இத்தகைய எண்ணெய்களில் உள்ள சில பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. மனிதனுக்கும் நாய்க்கும் ஒத்துக்கொள்கிற அளவுகூடப் பூனைக்கு நஞ்சாகிவிடும். சோபாவில் உரசினால் ரோமத்தில் ஒட்டும். பூனை நாள் முழுவதும் தன்னை நக்கிச் சுத்தம் செய்கிற பிராணி, ஆகவே ஒட்டியது அத்தனையும் வயிற்றுக்குள் போகும். மீனு பிழைத்துக்கொண்டாள். அவள் சாப்பிடத் தொடங்கும்வரை எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

மூலிகை என்று எழுதியிருந்தால் பாதுகாப்பானது என்று கடைக்காரர் சொல்வதை நம்பி எந்த ஸ்ப்ரேயையும் பூனை இருக்கும் வீட்டில் அடிக்காதீர்கள். சோபாவில் மூட்டைப்பூச்சி மருந்து அடித்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் பெர்மெத்ரின் இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் பூனைக்குக் கொடிய நஞ்சு. சோபா இடுக்கில் அந்துருண்டை போடுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

இனி அந்தப் பூச்சு உண்மையில் என்ன செய்யும் என்று சொல்கிறேன். பெரும்பாலும் இவை ஃபுளோரோகார்பன் அல்லது சிலிக்கோன் வகை. ஒவ்வொரு இழையின்மீதும் கைக்குத் தட்டுப்படாத அளவு மெல்லிய படலமாகப் படிந்து, தண்ணீரும் எண்ணெயும் இழைக்குள் ஊறுவதைத் தாமதப்படுத்தும். காபி கொட்டினால் துடைக்க அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். பூனையின் நகமோ வளைந்த கொக்கி. அது இரண்டு இழைகளுக்கு நடுவே புகுந்து நூலை வெளியே இழுக்கிறது. இழையின்மேல் படிந்திருக்கும் எந்தப் படலமும் அதைத் தடுக்க வழியில்லை. பூனை சிறுநீர் கழித்தாலும் உள்ளே இறங்காது என்றும் எங்களிடம் சொன்னார்கள். துணியின் நடுப்பகுதியில் கொஞ்ச நேரம் வேண்டுமானால் நிற்கும். தையல் ஓட்டைகள் வழியாகவும் ஜிப் வழியாகவும் ஸ்பாஞ்சுக்குள் இறங்கத்தான் செய்யும். அதற்கு என்சைம் கலந்த சுத்திகரிப்புத் திரவம்தான் கேட்கும். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றாதீர்கள், சிறுநீரில் உள்ள அமோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு கிளம்பும்.

கடைகளில் இன்னொரு எண்ணையும் சொல்வார்கள். இந்தத் துணி ஐம்பதாயிரம் ‘ரப்’ தாங்கும் என்பார்கள். மார்ட்டிண்டேல் என்ற சோதனையின் கணக்கு அது. இயந்திரத்தில் துணியைப் பொருத்திக் கம்பளித் துணியால் திரும்பத் திரும்பத் தேய்த்து, எத்தனை தேய்ப்புக்குப் பிறகு நைந்துபோகிறது என்று பார்ப்பார்கள். உட்கார்ந்து எழுந்து தேய்வதற்கு அந்த எண் பொருந்தும். நகத்தில் மாட்டி இழுபடுவதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. எண் பெரிதாக இருக்கிறது என்பதற்காகப் பூனை உள்ள வீட்டுக்கு ஏற்ற துணி என்று முடிவுகட்ட முடியாது.

துணியை நீங்களே சோதிக்கலாம். மாதிரித் துண்டுகள் கோத்த கேட்டலாக்கைக் கையில் வாங்கி, விரல் நகத்தைத் துணியில் அழுத்திக் குறுக்கே இழுங்கள். நகம் எங்காவது மாட்டுகிறதா, நூல் எழும்புகிறதா என்று பாருங்கள். சணல் சாயல், தடித்த லினன், வளையம் வளையமாக இருக்கும் பூக்ளே, புசுபுசுவென்ற நூலில் நெய்த ஷெனீல் ஆகியவை பூனைக்கு அழைப்பு வைக்கிற துணிகள். நெருக்கமாக நெய்த மைக்ரோஃபைபரும், வளையமில்லாத குட்டை முடி வெல்வெட்டும் எவ்வளவோ தேவலாம். நகம் மாட்ட இடம் கிடைக்காததால் பூனைக்கே அதில் சுவாரசியம் குறைந்துவிடும். நகமே ஏறாத துணி என்று எதுவும் இல்லை. அப்படி ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே எச்சரிக்கையாகிவிடுங்கள்.

பூச்சுக்குக் கொடுக்கிற பணத்தில் பத்தில் ஒரு பங்கு போதும், உருப்படியாக ஒன்றைச் செய்துவிடலாம். பூனை விஷமத்துக்காகக் கீறுவதில்லை. நகத்தின் பழைய மேல் உறையை உதிர்க்கவும், உடம்பை நீட்டி முறிக்கவும், பாதத்தில் உள்ள சுரப்பிகளின் வாசனையைப் பதித்து இது என் இடம் என்று சொல்லவும்தான் கீறுகிறது. எனவே கீறுவதை நிறுத்த முடியாது, வேறு இடத்துக்கு மாற்றத்தான் முடியும். மூன்றடி உயரச் சவுக்குக் கட்டையில் தேங்காய் நார்க் கயிற்றை இடைவெளி இல்லாமல் இறுக்கிச் சுற்றி, ஆடாதபடி அகலமான பிளைவுட் பலகையில் அறைந்து, சோபாவின் கைப்பிடிக்குப் பக்கத்திலேயே நிறுத்தினோம். கண்ணுக்கு அழகாக இல்லை என்று மூலையில் ஒளித்து வைத்தால் பயன் இல்லை. எந்த இடத்தைக் கீறுகிறதோ அங்கேயே நிற்க வேண்டும். கட்டை ஆடினாலும் பூனை அதை நம்பாது. சோபா முனையில் இருபுறமும் ஒட்டுகிற டேப்பை ஒட்டினோம், இருக்கைமேல் பவானி ஜமக்காளம் விரித்தோம், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நக நுனியை மட்டும் வெட்டிவிடுகிறோம். இப்போது கருப்பனுக்குக் கட்டைதான் பிடித்திருக்கிறது. எழும்பி நிற்கிற நூலைக் கத்தரிக்காதீர்கள், ஓட்டை விழும்; மொட்டை ஊசியால் பின்பக்கமாக இழுத்துவிட்டால் ஓரளவு மறையும்.

இத்தனைக்கும் நடுவே, கடை ஊழியர் ஒருவர் நகத்தையே எடுத்துவிடச் சொன்னார். நகத்தை எடுப்பது என்பது பூனையின் ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் வெட்டி எறிவது. நியூயார்க் மாநிலம் 2019-லேயே இதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. ஒரு சோபாவுக்காக இப்படி ஒரு யோசனை சொன்னவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சட்ட வழி இருக்கிறது, பயன்படுத்துங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பொருளுக்கு இல்லாத பயனை இருப்பதாகச் சொல்லி விற்பது முறையற்ற வணிக நடைமுறை. பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது. நாங்கள் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்தோம். வாங்குவதற்கு முன் வாட்ஸ்அப்பில் “இரண்டு பூனைகள் இருக்கின்றன, கீறல் விழாதா?” என்று நாங்கள் கேட்டதும், “விழாது, கேரண்டி” என்று கடையிலிருந்து வந்த பதிலும் அப்படியே இருந்தன. அவற்றை இணைத்தோம். அதற்குப் பிறகுதான் கடைக்காரர்கள் இறங்கிவந்து பூச்சுக்கான 7,500 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். சோபாவுக்கும் மருத்துவச் செலவுக்கும் கைவிரித்துவிட்டார்கள். அதற்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். நடந்துகொண்டிருப்பதால்தான் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞரும் கட்டாயமில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

பூச்சு வேண்டும் என்று இன்னும் நினைக்கிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் பில்லில் இதை எழுதி, முத்திரை வைத்து, கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்: “இந்தப் பூச்சு பூனை நகக் கீறலிலிருந்து துணியைக் காக்கும், ஐந்து ஆண்டுகளுக்குள் கீறல் விழுந்தால் துணியை இலவசமாக மாற்றித் தருகிறோம்.” போன மாதம் என் தங்கை தாம்பரத்தில் சோபா வாங்கப் போனபோது, அதே பூனைப் படம் போட்ட அட்டையை நீட்டிய மேலாளரிடம் இந்த வாசகத்தை எழுதித் தரச் சொன்னாள். “அது கறைக்கு மட்டும்தான் மேடம், நகத்துக்கெல்லாம் எழுதித் தர முடியாது” என்று அவரே சொல்லிவிட்டார். நெருக்கமாக நெய்த துணியில் சோபாவை மட்டும் வாங்கி வந்திருக்கிறாள்.