அறை வாடகைக்கு ஏஜென்ட் வைக்கலாமா? எங்கள் அனுபவம்

சிங்கப்பூரின் யீஷூனில் எங்கள் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது, வீட்டுக் கடனுக்குக் கை கொடுக்குமே என்று ஏஜென்ட் மூலம் வாடகைக்கு விட்டோம். கமிஷன் கொஞ்சம் கூடத்தான், ஆனால் வேலை சுத்தம். வருகிறவரின் வேலை அனுமதியை மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் எங்கள் முன்னாலேயே சரிபார்த்தார். அப்புறம் சமையல் உண்டா, இரவில் ஏர்கான் எத்தனை மணி நேரம், விருந்தாளி தங்கலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒப்பந்தத்தில் எழுதிவிட்டார், எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், ஏனென்றால் பின்னால் மனக்கசப்பு வருவதே அடுப்படி விஷயத்தில்தான். மூன்று மாதத்துக்கு மட்டும் கேட்டவரை உடனே மறுத்துவிட்டார்: வீவக விதிப்படி குறைந்தது 6 மாதம், முன்அனுமதியும் கட்டாயம். படங்களை மட்டும் நீங்களே எடுத்துக் கொடுங்கள், அவர் எடுத்தவை ஒரே இருட்டு.