சீரியல் சர்வருடன் எட்டு ஆண்டுகள்: ஒரு தோல் ஆலையின் அனுபவம்

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலை ஒன்றின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு, பழைய சீரியல் கருவிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டியான, எட்டு போர்ட் கொண்ட சீரியல் சர்வர் ஒன்றுடன் எட்டு ஆண்டுப் பழக்கம் உண்டு. வாங்கிய மாதத்திலேயே எழுதியிருந்தால் பாராட்டை மட்டுமே எழுதியிருப்பேன்.

எங்கள் தொழிலில் சீரியல் கருவிகளுக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. பச்சைத் தோல் லாரியோடு எடைமேடையில் ஏறுகிறது. பதனிட்டு முடித்த தோல் சதுர அடிக் கணக்கில் விலைபோகிறது. கேட்டில் எடைமேடை இண்டிகேட்டர், உள்ளே இரண்டு மேசைத் தராசுகள், பரப்பளவு அளக்கும் இயந்திரம், கிடங்கில் மூன்று பழைய டெர்மினல்கள் ஆகிய அனைத்தும் ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் கேபிள் முறை வழியாகவே தரவு அனுப்புபவை. அதில் 15 மீட்டருக்கு மேல் கேபிள் இழுப்பது உசிதமல்ல. கேட்டோ கணினி அறையிலிருந்து ஏறத்தாழ 140 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே உள்ளே எட்டு போர்ட் பெட்டியும், கேட்டில் ஒற்றை போர்ட் பெட்டி ஒன்றும் வைத்தோம். பெட்டி சீரியல் தரவை டிசிபி என்ற நெட்வொர்க் நெறிமுறை வழியான இணைப்பாக மாற்றித் தருகிறது. கணினியில் நிறுவும் டிரைவர் அதை ஒரு காம் போர்ட்டாகவே, அதாவது கணினியின் சொந்த சீரியல் போர்ட் போலவே, காட்டுவதால் பழைய பில்லிங் மென்பொருளில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. 1997-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 2217 என்ற நெறிமுறையையும் பெட்டி ஏற்பதால், சீரியல் தரவு செல்லும் பாட் வேகத்தைக் கணினியிலிருந்தே மாற்ற முடிகிறது.

முதல் தலைவலி மின்தடையோடு வந்தது. எடைமேடை போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு கணினிதான் பிடிக்க முடியும். அலுவலகக் கணினி மின்சாரம் போய்ச் சட்டென்று அணைந்தால், யுபிஎஸ்ஸில் ஓடும் பெட்டிக்கு அது தெரிவதில்லை. பழைய இணைப்பு உயிரோடிருப்பதாகவே எண்ணிக்கொண்டு, மறுபடி வரும் கணினியை உள்ளே விட மறுக்கிறது. “சார், எடை வரலை, லாரி நிக்குது” என்று கேட்டிலிருந்து போன் வரும். நான் ஓடிப்போய்ப் பெட்டியை அணைத்து இயக்குவேன். இதற்கு மருந்தாக, ஐந்து நிமிடம் தரவு வராவிட்டால் இணைப்பைத் துண்டிக்கும்படி அமைத்தது என் தவறு. எடைமேடைச் சிக்கல் தீர்ந்தது, ஆனால் அதே அமைப்பை எல்லாப் போர்ட்டுகளுக்கும் கொடுத்துவிட்டதால், கிடங்குக்காரர் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் டெர்மினலில் பாதி அடித்திருந்த சரக்குப் பதிவு போய்விட்டது. தரவு வருகிறதா என்று பார்ப்பது வேறு, எதிர்முனை இருக்கிறதா என்று பார்ப்பது வேறு. பின்னதுதான் கீப்அலைவ். லினக்ஸில் அதன் இயல்பு அளவு 7200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம். லாரி அவ்வளவு நேரம் நிற்காது. பெட்டியில் அதை ஒரு நிமிடமாகக் குறைத்த பிறகு அந்த போன் வருவது நின்றது.

இரண்டாவது கோளாறு இதைவிட ஆபத்தானது, ஏனெனில் அது சத்தமின்றி நடந்தது. 18450 கிலோ என்று இண்டிகேட்டர் அனுப்பிய வரி நெட்வொர்க்கில் இரண்டு துண்டாக வந்துசேர, மென்பொருள் முதல் துண்டை மட்டும் படித்து 184 என்று பதிந்துகொண்டது. டிசிபி எழுத்துகளின் வரிசையைக் காக்குமே தவிர, வரி எங்கே முடிகிறது என்பதை அறியாது. வரி முடிவைக் குறிக்கும் 0D என்ற குறியெண் கொண்ட எழுத்து வரும்வரை தரவைச் சேர்த்துவைத்து அனுப்பும்படி அமைக்கும் வசதி பெட்டியிலேயே இருந்தது. கையேட்டின் கடைசிப் பக்கங்கள்வரை படித்திருந்தால் முன்பே கண்டிருப்பேன்.

கோடை மழையின் இடி ஒருமுறை கேட்டுப் பெட்டியைக் கருக்கியது. தாமிர ஈதர்நெட் 100 மீட்டருக்கு மேல் போகாது என்பதால் நடுவில் ஒரு சுவிட்ச் வைத்திருந்தோம். அதுவும் சேர்ந்தே போயிற்று. இப்போது கேட்டுக்கு ஃபைபர் போட்டிருக்கிறோம். ஐபி முகவரிகளை நிலையாகக் கொடுத்து, இந்தப் பெட்டிகளைத் மற்ற கணினிகளிலிருந்து பிரித்த உள்நெட்வொர்க்கான தனி விலானில் ஒதுக்கியும் விட்டோம், ஏனெனில் போர்ட்டில் நேரடியாக இணைபவரிடம் எங்கள் பெட்டி கடவுச்சொல் கேட்பதில்லை.

மறுபடி வாங்குவதானால் எட்டு போர்ட்டை எடுக்காமல், நான்கு போர்ட் பெட்டிகள் இரண்டு எடுப்பேன். மேசைத் தராசுக்காக ஒருமுறை பெட்டியை அணைத்து இயக்கினால், கிடங்கின் மூன்று டெர்மினல்களும் சேர்ந்தே அறுந்துவிடுகின்றன.